தம்ளருக்கு அடியில் காயும் வட்டம்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மேல் விரித்திருக்கும் வெள்ளைத் துணியில், நான் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு நேராக, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஏழெட்டுப் பழுப்பு வட்டங்கள் இருக்கின்றன. அவை காபித் தம்ளரின் அடியில் வழிந்த ஈரம் காய்ந்து உண்டானவை. அவற்றுக்கு நடுவே தம்ளரிலிருந்து தனியாகச் சிந்திய துளிகளின் தடங்களும் உண்டு. என் மனைவி எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டார். வட்டங்கள் சற்று மங்கினவே தவிர மறையவில்லை. நான் அவற்றை வேறு காரணத்துக்காகப் பல நாட்கள் உற்றுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு துளியின் தடத்திலும் நடுப்பகுதி ஏறக்குறைய வெளுத்தும், ஓரம் மட்டும் கூர்மையான பென்சிலால் கோடிட்டது போல் அடர்ந்தும் இருக்கிறது. தம்ளரின் அடி பதித்த பெரிய வட்டத்தைக் கூர்ந்து நோக்கினால் அதுகூட ஒரே கோடு அன்று. உள்பக்கம் ஒரு கோடும் வெளிப்பக்கம் ஒரு கோடுமாக, இடையில் இளம்பழுப்பு நிறைந்த பட்டை அது. காலையில் காபியும் நீர்வண்ணமுமாக நான் கழிக்கும் ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுத நினைத்தபோது, இந்த ஓரக் கோட்டிலிருந்து தொடங்குவதே சரியென்று தோன்றியது. ஏனெனில் நான் நீர்வண்ணத்தில் கற்றுக்கொண்டவற்றுள் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்குள் அடங்கியிருக்கிறது.

நான் வேலூரில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் 34 ஆண்டுகள் லேப் டெக்னீஷியனாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். என் கைகளுக்குத் தெரிந்த தொழில், ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடின் ஓரத்தில் வைத்து, இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து ஒரே சீராகத் தள்ளி, நாக்கு வடிவத்தில் மெல்லிய படலமாக இழுப்பது. அந்தப் படலம் உடனே காய வேண்டும். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் மிகுந்து அது மெதுவாகக் காய்ந்தால், சிவப்பணுக்களுக்குள் பளபளக்கும் வளையங்கள் தோன்றி, இல்லாத நோயை இருப்பது போல் காட்டிவிடக்கூடும். ஆகையால் ஸ்லைடை விசிறி போல் ஆட்டிக் காய வைப்போம். பிறகு லீஷ்மன் சாயத்தை ஊற்றி இரண்டு நிமிடம் காத்திருந்து, அதன் மேல் இரு மடங்கு பஃபர் நீரை, அதாவது அமிலத் தன்மை மாறாமல் பார்த்துக்கொள்ளும் கரைசலைச் சேர்த்து, இன்னும் ஏறக்குறைய பத்து நிமிடம் விட்டுக் கழுவினால், சிவப்பணுக்கள் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையணுக்களின் உட்கரு ஊதாவாகவும் நுண்ணோக்கியின் கீழ் தெரியும். படலம் தடித்திருக்கும் இடத்தில் ஒன்றும் புலப்படாது. அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒற்றை அடுக்காக நிற்கும் மெலிந்த பகுதியில்தான் நோய் என்னவென்று படிக்க முடியும்.

ஈரம், சாயம், காத்திருத்தல், காய்தல் என்ற இந்த வரிசையில் வாழ்நாளின் பாதியைக் கழித்தவனுக்கு ஓய்வுக்குப் பின் நீர்வண்ணம் கைக்கு வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பேரப்பிள்ளை விட்டுச் சென்ற கேம்லின் வண்ணப் பெட்டியைத் திறந்து, ஒரு வில்லையின் மேல் ஈரத் தூரிகையை வைத்து, அந்த நிறம் தாளில் பரவுவதைக் கண்ட முதல் நாளே, இது எனக்குப் பழக்கமான வேலை என்று கை சொல்லிவிட்டது.

காலை ஐந்து மணிக்கு எழுந்து பில்டரை அடுப்பு மேடையில் வைப்பது என் பொறுப்பு. காபிப் பொடி லாங்கு பஜாரில் கண் முன்னாலேயே வறுத்து அரைத்துத் தரும் கடையிலிருந்து வருகிறது. பீபெரியும் பிளாண்டேஷன் ஏ என்ற கொட்டை ரகமும் சம பங்கு, அதனோடு நூற்றுக்கு இருபது பங்கு சிக்கரி. காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு தட்டைக் கொட்டைகள் முகம் பார்த்து இருக்கும். சில பழங்களில் ஒன்று மட்டுமே உருண்டையாக விளையும், அதுதான் பீபெரி. சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்த பொடி. அதில் காபியின் மணம் கிடையாது, ஆனால் டிகாக்ஷனுக்கு நிறமும் கெட்டித் தன்மையும் கொடுக்கும். இருபதுக்கு மேல் சிக்கரி போட்டால் காபியின் சுவை பின்னுக்குப் போய்விடுகிறது என்பது என் திடமான கருத்து. மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டு, குடை போன்ற தட்டால் மெதுவாக ஒருமுறை மட்டும் அழுத்தி, கொதித்த நீரைச் சுற்றிலும் ஊற்றி மூடிவிட வேண்டும். அதன் பிறகு அதைத் தொடக் கூடாது. பொறுமையின்றி பில்டரைத் தட்டினால் பொடியின் நுண்துகள்கள் துளைகளின் வழியே இறங்கி டிகாக்ஷனைக் கலங்கலாக்கும். மிகவும் அழுத்தி வைத்திருந்தால் ஒரு மணி நேரம் ஆனாலும் அடியில் இரண்டு கரண்டிதான் சேரும். சரியாகப் போட்ட பில்டரில் இருபது நிமிடத்தில் வேண்டியது இறங்கிவிடும்.

அந்த இருபது நிமிடம்தான் நான் வரையும் நேரம். பென்சிலால் உருவத்தை அமைத்து முதல் பூச்சைப் போட்டு முடிப்பதற்கும் டிகாக்ஷன் இறங்குவதற்கும் சரியாக இருக்கிறது. பிறகு பாலைக் காய்ச்சி, டபராவிலும் தம்ளரிலுமாக இருமுறை ஆற்றி, காபியைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்காரும்போது தாள் காய்ந்துகொண்டிருக்கும். காபி குடித்து முடிக்கும்வரை தூரிகையைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே விதி வகுத்திருக்கிறேன். நீர்வண்ணத்தில் நான் கெடுத்த படங்களை எண்ணிப் பார்த்தால், அவற்றில் மிகப் பெரும்பாலானவை பாதி காய்ந்த பூச்சின் மேல் மறுபடியும் கை வைத்ததால் கெட்டவை. சூடான காபி கையில் இருப்பவன் தூரிகையை எடுக்க மாட்டான். ஆகவே என் படங்களைக் காப்பாற்றியதில் காபிக்கு நேரடியான பங்கு உண்டு.

இனி அந்த ஓரக் கோட்டுக்கு வருகிறேன். சிந்திய காபித் துளி காயும்போது அதன் நிறம் ஏன் ஓரத்துக்குப் போய்ச் சேர்கிறது என்ற கேள்விக்கு, சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டீகன் முதலான ஆய்வாளர்கள் 1997-ஆம் ஆண்டு நேச்சர் இதழில் விளக்கம் எழுதினார்கள். துளியின் விளிம்பு, தான் முதலில் விழுந்த இடத்தைப் பற்றிக்கொண்டு நகராமல் நிற்கிறது. அந்த விளிம்பில்தான் நீர் மிக விரைவாக ஆவியாகிறது. துளி உள்ளே சுருங்க முடியாததால், விளிம்பில் இழந்த நீரை ஈடுகட்டத் துளியின் நடுவிலிருந்து நீர் வெளிப்பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. போகும்போது மிதக்கும் துகள்களையும் இழுத்துச் செல்கிறது. நீர் காற்றோடு போய்விடுகிறது, துகள்கள் கரையில் ஒதுங்கி அங்கேயே தங்கிவிடுகின்றன. அசையாமல் கிடப்பது போல் தெரியும் ஒரு சொட்டுக்குள் இவ்வளவு ஓட்டம் நடக்கிறது. 2011-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு இன்னும் வியப்பானது. உருண்டைத் துகள்களுக்குப் பதிலாக நீண்ட வடிவத் துகள்களைக் கலந்தால், அவை துளியின் மேற்பரப்பில் ஒன்றோடொன்று சிக்கி நின்றுவிட, வளையம் உண்டாகாமல் நிறம் ஒரே சீராகக் காய்கிறது என்று அதில் கண்டார்கள். ஆய்வகத்தில் சாயத்தின் சொட்டு மேசையில் காய்ந்து நீல வளையமாக நின்றதை ஆயிரம் முறை துடைத்திருக்கிறேன். அதற்கு இப்படி ஒரு காரணம் உண்டு என்று தெரிந்தபோது, பழைய நண்பரின் ஊர் எது என்று பல காலம் கழித்துக் கேட்டறிந்தது போல் இருந்தது.

நீர்வண்ணம் என்பது அரபிக் கோந்து கலந்த நீரில் மிதக்கும் நிறத் துகள்கள். ஆகையால் தாளின் மேல் விடும் ஒவ்வொரு பூச்சும் அகன்ற ஒரு காபித் துளிதான். பூச்சின் ஓரத்தில் நீர் தேங்கி நின்றால் அங்கே அடர்ந்த கோடு விழும். தொடக்கத்தில் இந்தக் கோடு எனக்குப் பகையாக இருந்தது. தூரிகையைத் துணியில் ஒற்றி, ஈரம் குறைந்த நுனியால் தேங்கிய மணியை உறிஞ்சி எடுத்தால் கோடு விழாது என்று முதலில் கற்றேன். ஓரம் ஈரமாக இருக்கும்போதே அதைச் சுத்தமான நீரால் தொட்டால் நிறம் மெல்லக் கரைந்து மறையும் என்று அடுத்துக் கற்றேன். இரண்டையும் கற்ற பிறகுதான், கோடு வேண்டிய இடங்கள் எத்தனை என்று கண்ணில் பட்டன. ஒரு கிண்ணத்தின் நிழல் மேசையில் விழும்போது கிண்ணத்துக்கு அருகில் உள்ள ஓரம் கூர்மையாக இருக்கிறது, தள்ளிப் போகப் போக மங்குகிறது. ஒரே பூச்சில் ஒரு பக்கத்தைத் தானாகக் காய விட்டு, மறுபக்கத்தை நீரால் தொட்டுவிட்டால் அந்த நிழல் வந்துவிடுகிறது. என்னால் தூரிகையால் இழுக்க முடியாத அளவுக்கு மெல்லிய கோட்டை, காயும் நீர் தானே இழுத்துத் தருகிறது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. பூச்சு பாதி காய்ந்திருக்கும்போது அதில் புதிய நீர் பட்டால், அந்த நீர் உலர்ந்த பக்கத்தை நோக்கிப் பரவி, வழியிலுள்ள நிறத்தையெல்லாம் தள்ளிக்கொண்டு போய், காலிஃபிளவரின் ஓரம் போல் கிழிசலான ஒரு கறையை உண்டாக்கும். வரைபவர்கள் அதைக் காலிஃபிளவர் என்றே அழைக்கிறார்கள். அதைச் சரிசெய்ய முயலாமல் விட்டுவிடுவதே நல்லது.

நான் வரைவதற்கு எடுத்துக்கொள்வது வீட்டில் கண்ணில் படும் பொருட்களை மட்டுமே. கோட்டையையும் அகழியையும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தையும் வரையவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அவற்றை வரைய நல்ல கைகள் பல இருக்கின்றன. எனக்கு நாள்தோறும் கை படும் பொருள்தான் வேண்டும். ஏனெனில் அதன் எடையும் சூடும் வழுவழுப்பும் எனக்கு முன்பே தெரியும், கண்ணுக்கு மட்டுமே அது புதிதாக இருக்கிறது. இத்தாலியின் போலோன்யா நகரில் வாழ்ந்த ஜார்ஜோ மொராண்டி (1890–1964) என்ற ஓவியர் தம் வீட்டு அறையில் சில புட்டிகளையும் ஜாடிகளையும் கிண்ணங்களையும் மாற்றி மாற்றி அடுக்கி, பல பத்தாண்டுகள் அவற்றையே வரைந்தார். முதிய வயதில் அவர் செய்த நீர்வண்ணப் படங்களில் சில இடங்களில் புட்டியே வரையப்பட்டிருக்காது. சுற்றிலும் நிழலைப் பூசி, புட்டி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாளை விட்டிருப்பார். அந்தப் படங்களின் அச்சுப் பிரதிகளைப் பார்த்த பிறகு எங்கள் அடுக்களை அலமாரி எனக்குப் போதும் என்று முடிவு செய்தேன்.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது எவர்சில்வர் தம்ளர். சாம்பல் நிறம் பூசினால் எவர்சில்வர் வந்துவிடும் என்று நினைத்து முதல் பத்து நாட்கள் நான் வரைந்தவை அனைத்தும் சிமெண்டால் செய்த தம்ளர்கள். எவர்சில்வருக்குச் சொந்த நிறம் ஏறக்குறைய இல்லை என்பது மெதுவாகத்தான் விளங்கியது. எங்கள் தம்ளரின் வளைவில் இடது பக்கம் ஜன்னல் கம்பிகள் நெளிந்து கிடக்கின்றன. நடுவில் சுவரின் மஞ்சள், செங்குத்தான ஒரு பட்டையாக நீண்டு நிற்கிறது. வலது ஓரத்தில் என் சட்டையின் நீலம். கீழே, விளிம்பை ஒட்டி, மேசைத் துணியின் வெள்ளை ஒரு பிறையாக வளைந்திருக்கிறது. அதில் மிக இருண்ட கோடும் மிக வெளுத்த கோடும் அடுத்தடுத்து நிற்கின்றன, இடையில் எந்த மெல்லிய மாற்றமும் இல்லை. பளபளப்பு என்று நாம் சொல்வது அந்த அண்மைதான். நீர்வண்ணத்தில் வெள்ளை நிறத்தைக் குழாயிலிருந்து எடுத்துப் பூசுவதை நான் விரும்புவதில்லை. தாளின் வெண்மையைத்தான் வெள்ளையாக விட்டுவைக்க வேண்டும். அப்படியானால் தம்ளரில் ஒளி எங்கே இருக்கும் என்பதை முதல் சொட்டு விழும் முன்பே தீர்மானித்து, அந்த இடத்தைச் சுற்றி நடந்து போவது போல் பூச வேண்டும். 17-ஆவது நாள் ஒரு தம்ளர் சரியாக வந்தது. என் மனைவி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எங்க அம்மா வீட்டுத் தம்ளருங்க, இதோ நசுங்குன இடம்" என்று விரலால் காட்டினார். அந்த நசுங்கலை நான் அறிந்து வரையவில்லை. ஜன்னல் கம்பியின் பிம்பம் அந்த இடத்தில் உடைந்து திரும்புவதை மட்டும் கண்டபடி வரைந்திருந்தேன்.

நிறங்களைப் பொறுத்தவரை நான் அதிகம் வைத்துக்கொள்வதில்லை. எனக்கு மிகவும் வேண்டிய இரண்டில் ஒன்று அல்ட்ராமரைன் நீலம். ஆப்கானிஸ்தானத்து மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லாசுலி கல்லை அரைத்து எடுக்கப்பட்டு, தங்கத்துக்கு ஈடாக மதிக்கப்பட்ட அந்த நிறத்தைச் செயற்கையாகச் செய்யும் வழியைப் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் கிமே கண்டறிந்து 1828-இல் அதற்காகப் பரிசு பெற்றார். அதன் பிறகு அது எவ்வளவு மலிந்ததென்றால், என் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் பித்தளை அண்டாவில் தண்ணீர் நிரப்பி, துணியில் முடிந்த நீலப் பொடியை அதில் முக்கி, அப்பாவின் வேட்டியையும் என் பள்ளிச் சட்டையையும் வெளுத்தாரே, அந்தப் பொடியும் இதே அல்ட்ராமரைன்தான். மற்றொன்று பர்ன்ட் சியன்னா. இரும்பு கலந்த மஞ்சள் மண்ணை வறுத்தால் அதிலுள்ள நீர் நீங்கிச் சிவந்துவிடும். கோலத்தைச் சுற்றிப் பட்டை போடும் காவியின் உறவுக்காரன் அது. பச்சைக் காபிக் கொட்டை வாணலியில் நிறம் மாறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மண்ணின் நினைவு வருகிறது. இந்த நீலத்தையும் இந்தக் காவியையும் கலந்தால் நூறு வகையான சாம்பல் கிடைக்கிறது. நீலம் மிகுந்தால் அது விடியற்கால நிழல். காவி மிகுந்தால் அடி கருகிய பால் பாத்திரம். அல்ட்ராமரைனின் துகள்கள் தாளின் சிறு குழிகளில் போய்த் தங்குவதால், காய்ந்த பின் அந்தச் சாம்பலுக்குள் நீலப் பொட்டுகள் தனித்தனியாகத் தெரியும். பழைய அலுமினியப் பாத்திரத்தின் மேற்பரப்பைக் காட்ட அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

வண்ணத்துக்குக் குறைவாகச் செலவு செய்து தாளுக்குக் கூடுதலாகச் செலவு செய்ய வேண்டும் என்பதை, புதிதாகத் தொடங்கும் யாருக்கும் நான் வற்புறுத்திச் சொல்வேன். பள்ளிப் பிள்ளைகளின் வில்லை வண்ணமே போதும். ஆனால் தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையில், முழுவதும் பருத்தியால் செய்ததாக இருக்க வேண்டும். மெலிந்த தாள் ஈரம் பட்டதும் அப்பளம் போல் நெளிந்து, பள்ளங்களில் நீரைத் தேக்கிவிடும். நான் முதல் ஆறு மாதம் நோட்டுப் புத்தகத் தாளில் வரைந்து, எனக்குக் கை வரவில்லை என்று வருந்தினேன். குறை தாளில் இருந்தது.

சென்ற மாதம் ஒரு வாரம் முழுவதும் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயோடு கழிந்தது. எங்கள் மாவட்டத்து அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் விளையும் இந்தக் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் அதன் தொப்பியிலும் கூரிய முட்கள் நிற்பதால் அந்தப் பெயர். எண்ணெய்க் கத்தரிக்காய் வதக்குவதற்கு எங்கள் பக்கத்தில் இதைத்தான் தேடி வாங்குவார்கள். மார்க்கெட்டிலிருந்து வந்த கால் கிலோவில் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி, ஜன்னல் திண்ணையில் வைத்தேன். முதல் நாள் அதன் தோல், எண்ணெய் தடவியது போல் இருந்தது. ஜன்னலின் நான்கு கண்ணாடிச் சதுரங்களும் அதன் தோளில் வளைந்து தெரிந்தன. அந்தச் சதுரங்களை வெறும் தாளாக விட்டு, மற்ற இடமெங்கும் கருஞ்சிவப்பை நனைய விட்டு, அது ஈரமாக இருக்கும்போதே நீலத்தைக் கீழ்ப்பக்கம் சொட்டினேன். இரண்டும் தாங்களாகவே கலந்து ஊதாவாயின. தட்டில் கலந்து பூசிய ஊதாவுக்கு அந்த உயிர் வராது. முட்களை வரைவதற்குத்தான் ஓரக் கோடு உதவியது: பச்சைத் தொப்பியின் பூச்சை நிறைய நீரோடு விட்டு, அதிலிருந்து தூரிகை நுனியால் முட்களாக வெளியே இழுத்துக் காய விட்டேன். காய்ந்தபோது ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் நிறம் போய்ச் சேர்ந்து கூர்மையாக நின்றது.

மூன்றாம் நாள் கத்தரிக்காயின் பளபளப்பு குறைந்து, ஜன்னல் சதுரங்கள் மங்கிய ஒரு வெளிச்சத் திட்டாக மாறின. "என்னங்க, காம்பு வாடுது பாருங்க. இன்னைக்கு வதக்கிடட்டுமா?" என்று கேட்டார் மனைவி. "இன்னும் ஒரு நாள் இரும்மா, முள்ளு மட்டும் பாக்கி" என்றேன். உண்மையில் முள் முடிந்திருந்தது. வாடும் தோலை வரைய விரும்பினேன். தோல் சுருங்கச் சுருங்க வெளிச்சம் சிதறிப் போவதை நான்கு படங்களில் பின்தொடர்ந்தேன். நான்காவது படத்தில், ஊதாவுக்குள் பழுப்பு ஏறிய அந்தக் காய்தான் எனக்கு நான்கிலும் மிகவும் பிடித்தது. அன்று மாலை அது குழம்பில் சேர்ந்தது.

குடியாத்தத்துத் தீப்பெட்டி, ஆம்பூரில் தைத்த என் தோல் செருப்பு, இடுக்கி, உழக்கு, மூக்குக் கண்ணாடி ஆகியவற்றையும் வரைந்திருக்கிறேன். அவற்றுள் செருப்பு மட்டும் மீண்டும் வரையத் தூண்டுகிறது. கால் பெருவிரல் பட்டுப் பட்டுக் கறுத்த இடம் இன்னும் எனக்கு வசப்படவில்லை.

இந்த வேலையில் ஊரின் வெயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. எங்கள் வீடு வேலூர் சைதாப்பேட்டையில் மலையடிவாரத்தில் இருக்கிறது. நகருக்குக் கிழக்கே குன்றுகள் நிற்பதால், வானம் வெளுத்து நெடுநேரம் ஆன பிறகுதான் வெயில் எங்கள் ஜன்னலுக்கு வரும். அதுவரை கிடைக்கும் நிழலற்ற மென்மையான வெளிச்சத்தில் பொருளின் நிறம் உள்ளபடி தெரியும். வெயில் வந்ததும் நிறத்தைக் காட்டிலும் நிழல் முக்கியமாகிவிடும். கத்திரி வெயில் நாட்களில், வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் மே மாதத்தில், பாறைகள் இரவெல்லாம் வைத்திருந்த சூட்டை விடியற்காலையிலும் விடுவதில்லை. அப்போது பூச்சு ஒன்றின் மேல் ஓரத்திலிருந்து கீழ் ஓரத்துக்குத் தூரிகை வருவதற்குள் மேல் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடுகிறது. தாளின் இரு பக்கமும் நீர் தடவி, நனைத்துப் பிழிந்த துண்டின் மேல் விரித்து வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், வேர்வையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி மழையில் இதற்கு நேரெதிர். ஒரு பூச்சு காய முக்கால் மணி நேரம் ஆகிறது. ஒரு காபி போதாமல் இரண்டாவது தேவைப்படுகிறது. வேலூரில் வரைவதற்கு மிக நல்ல மாதம் மார்கழி. காலைக் குளிரில் பூச்சு அவசரப்படுத்துவதுமில்லை, சோம்பிக் கிடப்பதுமில்லை. காபி ஆறுவதும் தாள் காய்வதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிகின்றன.

டிகாக்ஷனையே வண்ணமாகக் கொண்டு வரைந்து பார்த்தேன். சிக்கரி கலந்த முதல் டிகாக்ஷன் அழகான பழுப்பைத் தருகிறது. மூன்று அடுக்கு பூசினால் பழைய புகைப்படத்தின் நிறம் வருகிறது. ஆனால் சுவரில் மாட்டிய ஒரு படம் ஒரே கோடையில் வெளுத்துவிட்டது, அலமாரியில் வைத்த இன்னொன்றை எறும்பு கண்டுபிடித்தது. காபியைக் குடிப்பதே முறை.

இன்று காலை வரைந்தது பில்டர். இரண்டு பாத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும் அதன் இடுப்பில் ஒரு மெல்லிய நிழல் வளையம் இருக்கிறது; அதை ஒரே இழுப்பில் போட்டு, தேங்கிய நீரை எடுக்காமல் விட்டேன். பிறகு காபியோடு உட்கார்ந்தேன். ஆற்றும்போது வழிந்த ஒரு சொட்டு தம்ளரின் வெளிப்புறமாக இறங்கி, தாளின் கீழ் மூலையில், நிறம் எதுவும் பூசாத இடத்தில் விழுந்தது. துடைக்கத் துணியை எடுத்த கையை நிறுத்திக்கொண்டு, முழுக் காபியையும் குடித்து முடிக்கும்வரை அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அது முழுவதும் ஒரே பழுப்பாக, குவிந்து, ஜன்னலின் வெளிச்சத்தைத் தன் மேல் வைத்திருந்தது. பிறகு தட்டையானது. பிறகு நடு வெளுக்கத் தொடங்கியது. ஏறக்குறைய அதே நேரத்தில், பில்டரின் இடுப்பில் நான் விட்டிருந்த சாம்பல் வளையத்தின் ஓரமும் மெல்லக் கறுத்து வந்தது. மனைவி வந்து தாளைப் பார்த்தார், மேசைத் துணியைப் பார்த்தார், தம் தம்ளரை டபராவுக்குள் வைத்தபடியே என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாளைக்கு ஊறுகாய் ஜாடியைக் கழுவிக் காய வைக்கப் போவதாகவும், புது எலுமிச்சை ஊறுகாயை அதில் போடுவதற்கு முன் இரண்டு நாள் அது வெறுமையாகத் திண்ணையில் இருக்குமென்றும் சொன்னார்.